கூப்பிடாத பேர்

இது நிஜமாக நடந்தது. நான் மட்டும் கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். கூட ஒருத்தி இருந்தாள், அவளும் கேட்டாள்.

ஆனாலும் என் ஞாபகத்தை முழுசாக நம்பாதீர்கள். எனக்கு அறுபத்தேழு வயது. ராத்திரி மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே மறந்துவிடுகிறது. போன அக்டோபரில் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு இருபத்தைந்து வருடம் முன்பு நடந்ததில்தான் குழப்பம். எது நான் கேட்டது, எது எனக்கு நானே பிறகு சொல்லிக்கொண்டது என்று பிரிக்க முடியவில்லை.

நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் ரைட்டராக இருந்தேன். காலை ஆறே முக்காலுக்குக் காபி காயவைக்கும் களத்தில் நின்று ஆட்களின் பேரைக் கூப்பிட வேண்டும். வந்தவர்களுக்குப் புத்தகத்தில் ஒரு கோடு, வராதவர்களுக்கு ஒரு சுழி. பிறகு வேலையைப் பிரித்துக் கொடுத்து அனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் முகம் தெரியாது. குரலை வைத்துத்தான் கோடு போடுவேன். யாராவது பத்து நிமிடம் பிந்தினால் பக்கத்தில் நிற்கிறவள் அவளுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பாள். எனக்குத் தெரியும். கண்டுகொள்ள மாட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகும் பழைய முதலாளி களத்தை ஒட்டிய அதே குவார்ட்டர்ஸில் என்னை இருக்கச் சொன்னார். பிறகு எஸ்டேட் கைமாறியது. ரிசார்ட் வருகிறதாம். அக்டோபர் முடிவதற்குள் காலி செய்யச் சொன்னார்கள். சேலத்தில் மகன் வசந்த் வீட்டில் எனக்கு ஒரு கட்டிலும், அலமாரியில் ஒரு தட்டும் ஒதுக்கியிருந்தார்கள்.

ஒரு வீட்டை ஒரு தட்டில் அடக்க வேண்டும்.

செய்து பார்த்தவர்களுக்கு அந்த அலுப்பு தெரியும். மூடியில்லாத ஹார்லிக்ஸ் பாட்டில்கள். உள்ளே துரு பிடித்த டார்ச் லைட்டுகள். கம்பி முறிந்த பதினொரு குடைகள். என் மனைவி சுகுணா பைக்குள் பையாகத் திணித்து வைத்திருந்த கேரி பேக்குகள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தால் உள்ளே இன்னொரு பைதான் இருந்தது. எதைத் தொட்டாலும் கொஞ்சம் உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தால் எழத் தோன்றவில்லை.

கூலியாட்கள் குடியிருக்கும் லயன் வீட்டிலிருந்து மேனகா ஒத்தாசைக்கு வந்தாள். முப்பத்தாறு வயது. வாய் ஓயாது. குடைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினோரு கொடை வெச்சுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டேதானுங்களே பஸ்ஸுக்குப் போவீங்க" என்றாள்.

மேனகா, குப்பாயியின் மகள்.

குப்பாயியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். 1999 நவம்பர். அன்றைக்கு அவளுக்கு முந்தின நாளே சொல்லியிருந்த வேலை, களத்திலிருந்து தள்ளியிருந்த நாற்றங்காலில் களை எடுப்பது. அங்கே அவள் ஒருத்திதான். காலையில் பேர் கூப்பிட்டபோது குரல் வந்தது. கோடு போட்டேன். ஆனால் அது அவள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து வரவில்லை. அவளுக்காகப் பொன்னாயி குரல் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். இருவரும் ஜோடி. மத்தியானம் நாற்றங்கால் பக்கம் போனேன். ஒரு களைகூடப் பிடுங்கவில்லை. ஏமாற்றிவிட்டாள் என்று கோபம். கோட்டை அழித்துச் சுழி போட்டேன்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வந்து, காலையில் வேலைக்கு வந்தாளா என்று கேட்டார்கள். வரவில்லை என்றால், காலையில் எதற்குக் கோடு போட்டு அழித்தாய் என்று கேள்வி வரும். பயந்தேன். சுழியை அழித்து மறுபடி கோடு போட்டு, புத்தகத்தைக் காட்டினேன். புத்தகத்தை நம்பி விடிய விடிய நாற்றங்கால் பக்கமே தேடினார்கள். மறுநாள் காலை ஒன்பதரைக்கு, களத்துக்கு நேர் கீழே, பள்ளத்து ஓடையில் கிடந்தாள். தொடை எலும்பு முறிந்திருந்தது. வேலை முடிந்து திரும்பும்போது வழுக்கி விழுந்தாள் என்று முடிவானது. விழுந்தவுடன் போகவில்லை, வெகுநேரம் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

காலையில் வரும்போதே விழுந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பதினொரு வயது மேனகா என்னிடம் வந்து, அம்மா அன்றைக்கு வேலைக்கு வந்தாளா என்று கேட்டாள். வந்தாள் என்றேன்.

பொன்னாயியும் வாயைத் திறக்கவில்லை. அவளும் என்னைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். எதிரே வந்தால் இருவரும் தலையைக் குனிந்துகொள்வோம்.

அழித்து எழுதிய அந்தப் புத்தகம் என் வீட்டில்தான் இருந்தது. அதை எரித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மலை இறங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

22ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் 4.10க்குக் களத்தின் ஓரத்தில் குப்பைக்குத் தீ வைத்தேன். பேர்ப் புத்தகங்கள் முப்பத்தொன்றும் ஒரு சாக்கில். 1999ஐ எல்லாவற்றுக்கும் அடியில் நானே வைத்தேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐந்து மணிக்குப் பனி இறங்கியது. லயன் நாய்கள் அந்நேரத்துக்குக் குரைத்துக்கொண்டே இருக்கும். அன்று சத்தமில்லை. காற்றும் இல்லை. ஆனால் புகை மேலே போகாமல், தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

5.35. மேனகா சாக்குக்குள் கைவிட்டு மேலே இருந்த புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

1999.

"இது மட்டும் ஈரமா இருக்குதுங்க" என்றாள்.

வாங்கினேன். சில்லென்றிருந்தது. தீயில் போடக் கையை ஓங்கினேன். அவள் தடுத்தாள். கடைசியாக ஒரு தடவை அந்தக் காலத்தில் கூப்பிட்ட மாதிரி பேர் கூப்பிடச் சொன்னாள். எல்லோருக்கும் தானே குரல் கொடுப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். அவள் கேட்க நினைத்தது ஒரே ஒரு பேர் என்று எனக்குப் புரிந்தது. மறுக்க முடியவில்லை.

நவம்பர் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. வெளிச்சம் குறைவு. பேர்கள் மட்டும்தான் தெரிந்தன.

"அங்கப்பன்."

"இருக்கறனுங்க" என்றாள், கிழவர் குரலில்.

"மாரிசாமி."

குடித்தவர் போலக் குழறினாள். எனக்கே சிரிப்பு வந்தது.

இப்படிப் பதினாறு பேர். "பொன்னாயி" என்றேன். வெற்றிலை அடக்கிய வாயோடு குரல் கொடுத்துவிட்டு, டீ டம்ளரை எடுத்தாள்.

அடுத்த வரி குப்பாயி.

அழித்த இடம் அந்த மங்கலிலும் கறுப்பாகத் தெரிந்தது. அந்தப் பேரை விட்டுவிட்டேன். அதற்கடுத்த பேருக்காக மூச்சை இழுத்தேன்...

"இருக்கறனுங்க..."

5.52.

மேனகாதான் என்று நிமிர்ந்தேன். டம்ளர் அவள் உதட்டில் இருந்தது.

மெதுவாக இறக்கினாள். "ஆருங்க அது?"

"ஆருமில்ல கண்ணு."

"நீங்க பேரே கூப்புடலீங்களே..."

தீ படபடவென்று ஒரு தடவை சத்தமிட்டு அடங்கியது.

மறுபடியும். கீழேயிருந்து. பள்ளத்திலிருந்து. மூச்சு வாங்கும் குரல்.

"இருக்கறனுங்க... இங்கதான் இருக்கறனுங்க..."

மேனகா டார்ச்சை எடுத்தாள். யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்றாள். போகாதே என்றேன். அதற்குள் இறங்கிவிட்டாள்.

நான் இறங்கவில்லை.

டார்ச் வெளிச்சம் பனிக்குள் மங்கியது. பிறகு அதுவும் இல்லை. செடி விலகும் சத்தம். கல் உருளும் சத்தம்.

பிறகு...

ஒன்றுமில்லை.

கூப்பிட்டேன். கீழேயிருந்து பதில் குரல் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

6.04க்கு ஏறி வந்தாள். கீழே யாருமில்லையாம். உண்ணிச் செடி ஒன்றுகூடச் சாய்ந்திருக்கவில்லையாம். ஆனால் அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"எங் காலு கிட்டயே கேட்டுதுங்க" என்றாள்.

என் கையில் இருந்த புத்தகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்றிரவு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். புத்தகத்தை நான் எரிக்கவில்லை. சமையல் மேடையில் விரித்துக் காய வைத்தேன்.

மூன்றாம் நாள் பஸ் ஏறி மாரமங்கலம் போனேன். பொன்னாயி அங்கே மகள் வீட்டில் இருந்தாள். இரண்டு கண்ணும் மங்கிவிட்டன. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டாள். இருபத்தைந்து வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். அன்றைக்குக் குப்பாயி பேருக்குக் குரல் கொடுத்தது அவள்தானே என்று.

முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"நானெங்கீங்க அங்க இருந்தேன்? குப்பனூர்ல எங்கக்கா மவளுக்குப் பிரசவமுங்க. பத்து நாள் வேலைக்கே வரலீங்களே. உங்க பொஸ்தகத்துலயே இருக்குமுங்க."

சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் இருந்ததில் எனக்குக் கோபம், அதனால்தான் முகம் கொடுக்காமல் போகிறேன் என்று அவள் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பொன்னாயி பேருக்கு நேரே வரிசையாகப் பத்துச் சுழி. நான் போட்டவைதான். அந்தத் தேதியிலும் சுழி. பொன்னாயி குரல் கொடுத்தாள் என்பது பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான்.

அப்படியென்றால் அன்று காலை குரல் கொடுத்தது குப்பாயிதான். தொடை முறிந்து களத்துக்குக் கீழே கிடந்தவளுக்கு மேலே நான் பேர் கூப்பிடுவது கேட்டிருக்கிறது. பனியில் முகம் தெரியாத ஆட்களுக்கு நடுவே, அவளும் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் கோடு போட்டேன். மத்தியானம் நான் சுழி போட்டபோதும் அவளுக்கு உயிர் இருந்திருக்கலாம்.

அன்று அவள் அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் சொன்னாளா, மேலும் ஏதாவது சொன்னாளா என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை.

மேனகாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, சுழி, மறுபடி கோடு. சுவரைப் பார்த்தபடி கேட்டாள். முடிவில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்கம்மா கொரல் குடுத்ததும் நீங்க அடுத்த பேரக் கூப்புட்டீங்களா?"

"கூப்பிட்டேன்" என்றேன்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

1999இல் கேட்டது உயிரோடு இருந்தவளின் குரல். போன அக்டோபரில் கேட்டது என்னவென்று எனக்குத் தெரியாது.

பொன்னாயி தை மாதம் இறந்துபோனாள். எஸ்டேட்டில் களத்தை இடித்துவிட்டார்கள், பள்ளத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். நான் சேலத்தில் வசந்த் வீட்டில் இருக்கிறேன். அவனுக்கு இது எதுவும் தெரியாது. மேனகா லயனைக் காலி செய்துவிட்டு, பிள்ளையோடு குப்பனூரில் இருக்கிறாள். நான் போன் செய்தால் எடுக்கிறாள். பேசுவதில்லை.