மேலிருந்து பார்த்தால் இடது

அந்தப் புத்தகம் இன்றும் என் பீரோவில் இருக்கிறது. அடுப்பில் போடலாம் என்று பலமுறை எடுத்திருக்கிறேன். போட்டால் என் ஆத்திரமும் அதோடு அடங்கிவிடுமோ என்று திரும்ப வைத்துவிடுவேன். மன்னித்துவிடச் சொல்லி மாதாகோயில் சாமியார் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். மற்ற எல்லாரையும் மன்னித்தாயிற்று சாமி, இந்த ஒரு ஆளை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள் என்றேன்.

அறுபதுகளில் நான் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டிரில் டீச்சர். எங்கள் வீட்டில் ஆடு இருந்தது. அதன் பின்னால் ஓடி ஓடியே பாறை ஏறப் பழகிய கால்கள் என்னுடையவை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சேலைக்கு அடியில் அண்ணனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆயில் இன்ஜின் வந்த பிறகு கிணற்றடியில் சும்மா கிடந்த, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை வடம்தான் என் கயிறு. "மாப்பிள்ளை பாக்கற வயசுல கல்லைப் பாத்துக்கிட்டுத் திரியுது பாரு" என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். மொட்டைப்பாறையின் கிழக்கு முகத்தில் ஆடுகூட ஏறாது. அதில் முதலில் ஏறிய ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

எங்கே கை வைப்பது, எங்கே கால் வைப்பது, எந்தக் கல் ஆடும், எந்த இடுக்கில் தேனீ இருக்கும் என்று ஒவ்வொரு பாறைக்கும் எழுதி வைத்தேன். எட்டு வருஷத்தில் இரண்டு தடித்த நோட்டுகள் நிரம்பின. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி, அதன் கீழே என் பெயர், ஊர். இதை அச்சில், என் பெயரோடு பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. நகை நட்டு கேட்டேனா நான்?

எழுபதுகளின் தொடக்கத்தில் சேலத்திலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மொரப்பூரில் ரயில் இறங்கி வந்தான். எங்கள் வீட்டில் களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டான். வாய்க்கு வாய் அக்கா என்றான். "நோட்டை ஒரு வாரத்துல திருப்பித் தந்துடறேங்க அக்கா. அச்சுப் போடற வழியையும் நானே பாக்கறேன்" என்றான். என் புத்தி எங்கே போயிருந்ததோ, இரண்டையும் துணிப்பையில் போட்டு நானே கொடுத்தேன்.

ஒரு வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. அட்டையில் அவன் பெயர். உள்ளே வரிக்கு வரி என் எழுத்து. முன்னுரையில் நன்றி சொல்லியிருந்தான்: "உள்ளூரில் ஆடு மேய்க்கும் ஒருத்தி சில தகவல்கள் தந்தாள்." ஒருத்தியாம். தந்தாளாம். அதனால்தான் நானும் இங்கே அவனை அவன் என்றே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வயிறு எரிந்தபடி பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போனபோதுதான் அதைக் கண்டேன். ஆடு மேய்க்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலை வழியை மேலே நின்று கீழே பார்த்துத்தான் சொல்வோம். ஆட்டை ஏற்ற யாரும் மெனக்கெட வேண்டாம், இறக்குவதுதான் பாடு. உச்சியில் நின்று இடது பக்கம் தள்ளு, வலது பக்கம் தள்ளு என்று கத்தியே பழகியவர்கள். என் நோட்டிலும் இடதும் வலதும் அப்படித்தான் இருந்தன. கீழிருந்து ஏறுகிறவனுக்கு எல்லாமே தலைகீழ். அவன் ஒரு பாறையில் பத்தடி ஏறியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். ஏறவே இல்லை, அப்படியே அச்சடித்துவிட்டான்.

முதலில் சிரித்தேன். கெட்ட சிரிப்பு. பிறகு அந்த மாணவர்களின் முகம் ஞாபகம் வந்தது. மொட்டைப்பாறையின் பாதியில் ஒரு திட்டு இருக்கிறது. அங்கிருந்து ஒரு பக்கம் படிபோல வெடிப்பு போகும். மறுபக்கம் வழவழப்பான சரிவு. அதில் நாலடி ஏறிவிட்டால் இறங்க முடியாது. புத்தகம் அந்தச் சரிவுக்குத்தான் வழி சொன்னது. பிழையைச் சொல்லி அவனுக்கு ஒரு கார்டு எழுதினேன். எழுதியதை மூன்று நாள் வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்துவிட்டுத்தான் போட்டேன். அந்த மூன்று நாளுக்கு நான் கடவுளிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன். அவனிடமிருந்து பதில் வந்தது: "நூலில் பிழை ஏதும் இல்லை. பாறை ஏறத் தெரிந்தவர்களுக்குப் புரியும்."

எனக்குச் சொல்கிறான்!

அடுத்த தை மாதம் அவனே மாணவர்களோடு மொட்டைப்பாறைக்கு வந்தான். ஒரு பெரிய அதிகாரி, பந்தல், மாலை எல்லாம் தடபுடலாக இருந்தது. மாணவர்கள் புத்தகத்தைப் பார்த்து ஏறிக் காட்டுவதாக ஏற்பாடு. நான் அதிகாரியிடம் போய்க் கும்பிட்டேன். "புத்தகம் எழுதுனவரு மொதல்ல ஏறுனாத்தானுங்க பசங்களுக்குத் தைரியம் வரும்" என்றேன். அதிகாரி கைதட்டினார். கூட்டமும் தட்டியது. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு எட்டு வருஷம் எழுதலாம்.

நான் பின்பக்கத்து ஆட்டுத் தடத்தில் வடத்தோடு உச்சிக்குப் போய் உட்கார்ந்தேன். திட்டு வரை நேர் வழிதான், அவன் ஏறிவிட்டான். பிறகு புத்தகத்தைப் பார்த்தான். அச்சு பிசகாமல் சரிவுப் பக்கம் திரும்பினான். நாலடி போனதும் பல்லிபோல ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"அக்கா, கயிறு போடுங்க!"

"புத்தகத்துல என்ன போட்டிருக்குதுங்க சார்?"

"இடது பக்கம்னுதான் இருக்குதுங்க."

"யாரோட இடதுங்க?"

குண்டுப்பாறை ஒன்றில் வடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை அவன் கைக்கு ஒரு முழம் மேலே நிறுத்தினேன்.

"அந்தப் புத்தகத்த யாரு எழுதுனதுங்க?"

"நீங்கதாங்க அக்கா."

"கீழ இருக்கறவங்களுக்குக் கேக்கலைங்க சார்."

கத்தினான். பந்தல் வரை கேட்டது. அதற்கப்புறம்தான் வடம் இறங்கியது. நுனியில் போட்டிருந்த சுருக்கை இடுப்பில் மாட்டிக்கொள்ளச் சொல்லிப் பத்திரமாகத் திட்டில் இறக்கிவிட்டேன். மாணவர்கள் யாரும் அன்றைக்கு ஏறவில்லை. நிம்மதியாக இருந்தது.

நோட்டு மட்டும் வரவில்லை. எல்லாப் பாறையையும் மறுபடி ஏறி, மறுபடி எழுதி, எழுபதுகளின் கடைசியில் என் புத்தகத்தை என் பெயரில் கொண்டுவந்தேன். இடது வலது எல்லாம் கீழிருந்துதான். அந்தச் சரிவுக்கு அவன் பெயரையே வைத்து, முழுப்பெயராக, அவன் தொங்கிய இடம் என்று அச்சில் போட்டேன். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பெயரை உடனே பிடித்துக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. கையில் அதே துணிப்பை.

"எம் பசங்களைக் கூடப் படிக்கறவங்க கேலி பண்றாங்க அக்கா. அடுத்த பதிப்புல அந்தப் பேர எடுத்துடுங்க. இந்தாங்க, உங்க நோட்டு. பத்திரமா வச்சிருந்தேங்க."

பிள்ளைகள் என்றதும் எனக்கு மனசு இளகிவிட்டது. ஏன் பொய் சொல்ல வேண்டும், எடுத்துவிடலாம் என்றே முடிவு செய்து காபி போட்டுக் கொண்டுவந்தேன். அவன் எதிரில் உட்கார்ந்து முதல் நோட்டைத் திறந்தேன். சிலுவைக் குறியும் என் பெயரும் இருந்த பக்கம் இல்லை. பிளேடு வைத்து, ஸ்கேல் வைத்து, நேராக அறுத்திருந்தான்.

"காபி ஆறுதுங்க சார், குடிச்சுட்டுக் கெளம்புங்க, ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன்.

இதுவரை மூன்று பதிப்பு வந்துவிட்டது. மூன்றிலும் அவன் பெயர் அதே சரிவில்தான் இருக்கிறது.