லூர்துசெல்வி உட்கார்ந்து சாப்பிட்ட மதியம்

விடுமுறைக்கு வா என்றுதான் மகள் ஸ்டெஃபி பிரான்சிலிருந்து டிக்கெட் அனுப்பியிருந்தாள். வந்து இறங்கிய மறுநாளே லூர்துசெல்வி அடுப்படியில் நின்றுவிட்டாள். மகளும் மருமகன் ஜாபெஸும் "நீங்க ஒக்காருங்க" என்று வாய் நிறையச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "அந்தக் கத்திரிக்காக் கொழம்பு மட்டும்" என்பார்கள். அந்த 'மட்டும்' பதினேழு நாள் நடந்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சத்தை வழித்துப் போட்டு நின்றபடி தின்பாள்.

பதினெட்டாம் நாள் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். மணலை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. நீலப் பெயின்ட் அடித்த மரமேசை, காகித விரிப்பு, ஈரத் துண்டோடு வந்து உட்காரும் கூட்டம். ஏற்காட்டு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்ன உட்காருவது போலத்தான், பெருமை ஒன்றும் இல்லை. பரிமாறும் பெண் ஆளுக்கொரு சட்டி கறுப்புச் சிப்பியும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்து வைத்தாள்.

லூர்துசெல்வி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொடவில்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் முப்பத்தொரு வருடம் சமையல்காரி. நூற்றெண்பது பிள்ளைகள். கணவன் கிறிஸ்துதாஸ் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது ஸ்டெஃபிக்கு மூன்று வயது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செம்மநத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து வேலைக்குச் சேர்ந்தவள். பனியில் விறைத்த கையோடு விடியுமுன் அடுப்பு மூட்ட வேண்டும். கடைசிப் பிள்ளை கை கழுவிய பிறகுதான் சமைத்தவள் தட்டை எடுக்கலாம். யாரும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. ஆனால் அவள் ஒருநாளும் மீறியதில்லை. அடிப்பிடித்த உப்புமாவும் ஆறிய ரசமும் அவள் பங்கு. சமையல்காரி மகள் என்பதால் ஸ்டெஃபிக்கும் அதே பங்கு. போன மே மாதம் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். கால் வீக்கத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தனுப்பினார்கள்.

இங்கேயும் அவள் கண் கடையைச் சுற்றியது. மூலை மேசைக்கு இன்னும் வரவில்லை. ஜன்னலோரக் குழந்தைக்கும் வரவில்லை.

"சாப்புடும்மா, ஆறிப்போவுது," என்றாள் ஸ்டெஃபி.

"எல்லாத்துக்கும் வந்துரட்டும் கண்ணு."

"அவிங்க யாரோ, நாம யாரோ! என்னம்மா நீ!"

எல்லோருக்கும் வந்து சேர்ந்தபோது இவள் சட்டியில் வெண்ணெய் உறைந்துவிட்டது. பரிமாறும் பெண்ணுக்கும் ஐம்பது வயதிருக்கும், காலை மாற்றி மாற்றி ஊன்றி நடக்கிறவள். நன்றாக இல்லையா என்று வந்து கேட்டாள். எங்கம்மா சமையல்காரி, எல்லாரும் தின்ற பிறகுதான் தின்பாள் என்று ஸ்டெஃபி பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஆவி பறக்கும் வேறொரு சட்டியோடு வந்தாள். வைத்துவிட்டுப் போகவும் இல்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள். லூர்துசெல்வி ஒரு சிப்பியைத் தின்று தலையாட்டிய பிறகுதான் நகர்ந்தாள்.

நாக்குச் சுட்டது. எத்தனை வருடமாயிற்று, சாப்பாடு நாக்கைச் சுட்டு! அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து அடுத்த சிப்பியை எடுத்தாள்.

நல்ல நேரம் பார்த்தார் மருமகன். பக்கத்தில் பூட்டிக் கிடந்த கடையைக் காட்டினார்.

"ஏனுங்க அத்தை, அத நாம எடுக்கலாம்னு இருக்கறமுங்க. எனக்கு வேல போயி நாலு மாசமாச்சுங்க, உங்ககிட்டச் சொல்லல. தோச, பிரியாணின்னு போட்டா கூட்டம் அள்ளுமுங்க. உங்க கைப்பக்குவம் போதும். ரெண்டே ரெண்டு வருசம் இருந்து..."

அடேயப்பா! பதினேழு நாள் கத்திரிக்காய்க் குழம்பு இதற்குத்தானா? ஆழம் பார்த்திருக்கிறார்கள்! கோபம் வர வேண்டும், கோபப்படக்கூடத் தெம்பில்லை. வேலை போன பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் எல்லோர் முகமும் மலர்ந்துவிடும். காலமெல்லாம் அந்தச் சொல்லைத்தான் சொல்லிப் பழக்கம்.

"என்னால ஆகாதுங்க மாப்ள," என்றாள். "டிக்கெட்டுல இருக்கறபடி பதினாலாந்தேதி நான் ஊட்டுக்குப் போறேன்."

"அங்க போயி என்னம்மா பண்ணுவ?" என்றாள் ஸ்டெஃபி.

"ஒக்காந்திருப்பேன்."

ஸ்டெஃபியின் முகம் சிவந்துவிட்டது. "ஊரான் புள்ளைங்களுக்கு முப்பது வருசம் ஆக்கிக் கொட்டுன. பெத்த புள்ள கேட்டா மட்டும் ஆகாதா?"

சுருக்கென்று தைத்தது. பொய்யென்று சொல்ல முடியுமா?

"நெசந்தான் கண்ணு. இருந்த தெம்பையெல்லாம் அவிங்களுக்கே போட்டுட்டேன். உனக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கோணும். வெக்கல. நொம்ப அலுத்துப் போச்சு சாமி. சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்?"

ஜாபெஸ் எழுந்து மணல் பக்கம் போய்விட்டார்.

"பதினாலாந்தேதி காலைல ஏழு மணிக்கு ஃப்ளைட்டு. நானே கொண்டாந்து உடறேன்," என்றாள் ஸ்டெஃபி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கேட்டது கிடைத்துவிட்டது. லூர்துசெல்விக்குச் சந்தோஷம் வரவில்லை. மகளின் தோள் குலுங்குவது தெரிந்தது. எழுந்து போய்த் தேற்ற வேண்டும் என்று நினைத்தாள், கால் வரவில்லை.