தேங்காயெண்ணெய் போட்ட பிஸ்டல்

பதினோரு வயதில் என் சித்தப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று ஐந்து நாள் மனமார நம்பினேன். கொலைக்கு நான் பயன்படுத்தியது ஒரு சின்னப் புட்டி தேங்காயெண்ணெய். இன்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்த ஐந்து நாளும் என் முகத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

சித்தப்பாவுக்குப் பொன்முடியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே, காட்டை ஒட்டியிருந்த பங்களாவில் தனியாக இருந்தார். அப்போது கல்யாணம் ஆகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மலையிறங்கி, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குத் திரும்பிப் போவார். நடுவில் இருக்கும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற ஆறு நாளும் நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

ஒருமுறை பங்களாக் கதவை யாரோ உடைக்கப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஆபீஸ் ஆபீஸாக நடந்து துப்பாக்கி லைசென்ஸ் வாங்கினார். புதியது வாங்க அவர் சம்பளம் இடம்கொடுக்கவில்லை. பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய பிஸ்டல் ஒன்று நகரத்துத் துப்பாக்கிக் கடைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். அப்பாவும் கூட வந்தார்.

சித்தப்பா அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார். குழலின் பின்வாயில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, வெளிச்சம் விழும்படி சாய்த்து உள்ளே நோக்கினார். "உள்ள வெட்டியிருக்க வரியெல்லாம் தேயாமத்தான் இருக்கு" என்றார். ஸ்பிரிங்கை அமுக்கினார். மரப்பிடியிலிருந்த கீறலைத் தடவினார். அப்பா அரசாங்க குமாஸ்தா. அவர் பிஸ்டலை ஒரு ஃபைலாகவே நடத்தினார். அதில் கொத்தியிருந்த நம்பரையும் காகிதத்திலிருந்த நம்பரையும் மூன்று முறை ஒத்துப்பார்த்துவிட்டு, கடைக்காரரிடம், "இதுக்கு கேரண்டி உண்டா?" என்று கேட்டார்.

"சாரே, இது ரெண்டு யுத்தம் கண்ட சாதனம்," என்றார் கடைக்காரர். "கேரண்டி வேண்டியது நமக்குத்தான்."

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா தன் தீர்ப்பைச் சொன்னார்.

"ஆளில்லாத பங்களாவுல இத வச்சிட்டு வரமுடியாது, செரி. நம்ம இரும்பு அலமாரியில வச்சிப் பூட்டு. ஞாயித்துக்கெழம தொடைச்சுக்கோ. ஆனா இந்தப் பய அதையோ, அதுக்க சாமான் ஒண்ணையோ தொட்டாம்னு வையி, பொறவு நீ மலையிலயே இருந்துக்கிட வேண்டியதுதான். கேட்டியா?"

"செரிண்ணே."

அப்பா சொன்னால் சொன்னதுதான். வாக்குக் கொடுத்துவிட்டோமே என்பதற்காகப் பிடிக்காத உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் மூன்று நாள் தங்கியவர்.

அதன்பின் ஞாயிறுதோறும் காலையில் கூடத்து மேஜைமேல் பேப்பரை விரித்து, பிஸ்டலைத் துண்டு துண்டாகக் கழற்றி வைப்பார் சித்தப்பா. கடற்காற்றுக்கு இரும்பென்றால் கொள்ளைப் பிரியம், ஒரு வாரம் விட்டால் பொட்டுப் பொட்டாகத் துரு பூத்துவிடும் என்பார். கம்பியில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுப்பார். பிறகு ஒரு சின்னக் கறுப்புப் புட்டியிலிருந்து எண்ணெயைச் சொட்டிப் பூசுவார். எதிரே அப்பா, பரீட்சை ஹாலில் காவல் இருக்கிறவரைப் போல உட்கார்ந்திருப்பார். நான் இரண்டு கஜம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. பிஸ்டல் அலமாரிக்குள் போய்விட்டது, எண்ணெய்ப் புட்டி மட்டும் மேஜைமேல். என் சைக்கிள் சங்கிலியோ ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்தது. ஒரே ஒரு சொட்டு என்றுதான் எடுத்தேன். சங்கிலிக்கு எண்ணெய்மேல் அவ்வளவு ஆசை இருக்கும் என்று யார் கண்டது? புட்டி காலியானது. அடுப்பங்கரையில் அம்மாவின் தேங்காயெண்ணெய் இருந்தது. தலைக்கு அதுதான், தோசைக்கு அதுதான், சிரங்குக்கும் கதவுக் கீலுக்கும் அதுதான். துப்பாக்கி மட்டும் பெரிய ஆளா என்று நினைத்து நிரப்பி வைத்தேன்.

மறுநாள் சித்தப்பா அதைச் சொட்டிச் சொட்டிப் பூசினார். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமை சித்தப்பா மலையேறினார்.

செவ்வாய்க்கிழமை காலை தலைக்கு எண்ணெய் கேட்டேன். அம்மா புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு துளி விழவில்லை.

"ஒறஞ்சி போச்சி. மிட்டத்துல வெயில்ல வச்சிட்டு வா."

முற்றத்தில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். திருவனந்தபுரத்துக் குளிருக்கே இது கல்லாகிறது என்றால் பொன்முடியில்? கதவு உடைகிறது. சித்தப்பா விசையை இழுக்கிறார். உள்ளே மெழுகாக உறைந்த தேங்காயெண்ணெய் இம்மி அசையவில்லை. திருடன் சிரிக்கிறான். மத்தியானத்துக்குள் திருடர்கள் நாலு பேராகிவிட்டார்கள். சாயங்காலம் ஒரு கொம்பனானையும் சேர்ந்துகொண்டது.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போய் நின்றேன்.

"என்னல?"

"ஒண்ணுமில்ல."

சொன்னால் சித்தப்பா பிழைப்பார், ஆனால் எங்கள் வீட்டுப் படி ஏற மாட்டார். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிழைக்கும், சித்தப்பா போய்விடுவார். இரண்டையும் காப்பாற்றும் வழியாக ஒரு போஸ்ட்கார்டு வாங்கி எழுதினேன்.

"அன்புள்ள சித்தப்பாவுக்கு, இங்கு எல்லாரும் சுகம். துப்பாக்கியை அரைமணி நேரம் வெயிலில் வைத்த பிறகு யாரையும் சுடவும்."

தபால்பெட்டி அதை விழுங்கிய பிறகுதான் இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, கார்டை மலையடிவாரத்து விதுரா முதல் பொன்முடி வரை எல்லாரும் படிக்கலாம். இரண்டு, மார்கழிப் பொன்முடியில் வெயில் கிடையாது. மூடுபனிதான். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஐந்து தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அது பதினொன்றாக ஏறியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"மதினி, டீத்தூள் கொண்டாந்திருக்கேன்," என்றது சித்தப்பாவின் குரல். நான் ஓடிப்போய் அவர் வயிற்றைக் கட்டிக்கொண்டேன்.

"என்ன மக்கா, முட்டித் தள்ளுத?" என்றவர் வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாள் பேப்பரை விரித்து, பையிலிருந்து ஒரு புதுப் புட்டியை எடுத்தார்.

"பழசு என்னாச்சி?" என்றார் அப்பா.

"தீந்துட்டுண்ணே."

கார்டைப் பிள்ளையார் வழியிலேயே தொலைத்து, காரியத்தையும் முடித்துக் கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பதினொரு தேங்காயை நான்காகக் குறைத்துப் பேசி உடைத்தேன். இரண்டு எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாத சித்தப்பாவை நினைத்துப் பல வருஷம் உள்ளூர இரக்கப்பட்டதும் உண்டு.

அப்பா காலமாகிப் பல வருஷம் ஆன பிறகு, ஒருநாள் சித்தப்பாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது பெரிய ரகசியத்தை உடைப்பதுபோல அவரிடம் இதைச் சொன்னேன்.

"கார்டு வந்திச்சே," என்றார். "ஆபீஸ்ல உரக்க வாசிச்சானுவ. பொறவு ரெண்டு மாசம், என்னப் பாத்தா, 'சாரே, வெயில்ல வச்சோ?'ன்னு கேட்டானுவ."

"அப்போ கார்டு வந்த பிறகுதான் தெரிஞ்சுதா?"

"போடே. தேங்காயெண்ண மணம் அறியாத மூக்கு திருவனந்தபுரத்துல உண்டுமா? மூடியத் தொறந்ததும் அடிச்சிது."

"பிறகு ஏன் பூசினீங்க?"

"எதுத்தாப்புல அண்ணன் இருந்தாருல்லா," என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினார்.

நடந்தது இவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தெரிந்தே, அப்பா பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மூலை விடாமல் பிஸ்டலுக்குத் தேங்காயெண்ணெய் பூசினார். திங்கட்கிழமை பொன்முடி போய்ச் சேர்ந்ததும் மண்ணெண்ணெய் விட்டு அதைக் கழுவினார்.