பார்த்தது யாருங்க?

ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கல்லூரி வாட்ஸப் குழுவில் ‘இன்னா லில்லாஹி’ என்று தொடங்கும் செய்தி வந்தது. வேலம்பாளையம் பக்கத்து முஸ்லிம் மகளிர் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிற, கணியூர் விவசாயக் குடும்பத்துப் பெண் நான். ஆனாலும் அந்த வரி வந்தால் சாவுச் செய்தி என்று தெரியும். கீழே ஜுலைகா மேடத்தின் பெயர் இருந்தது. டீ ஆறிப்போகும் வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

எங்கள் இஸ்லாமியவியல் துறையைத் தொடங்கி வளர்த்தவர் அவர். கல்லூரியின் தர உறுதிக் குழுவுக்கும் அவரே பொறுப்பு. நான் அவருக்கு உதவி. ஒரு நபிமொழியை ஏற்பதற்கு முன், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவரை நம்பலாமா என்று ஒவ்வொருவராக விசாரிக்கிற படிப்பு அவருடையது. எங்கள் அறிக்கைகளையும் அதே கண்ணோடுதான் படிப்பார். ‘மாணவியர் நூலகத்தைச் சிறப்பாகப் பயன்படுத்துகின்றனர்’ என்று நான் அழகாக எழுதிக்கொண்டு போனால், “பார்த்தது யாருங்க?” என்பார்.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்க மேடம்.”

“அந்த எல்லாரும் யாருன்னு கேட்டுட்டு வாங்க கண்ணு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருடம், கல்லூரிக்குத் தரம் போட வெளியிலிருந்து தரச்சான்றுக் குழு வரவிருந்தது. சான்று கிடைக்காவிட்டால் முதலில் மூடப்படுவது இஸ்லாமியவியல் துறைதான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எங்கள் தாளாளர் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைச் சோதிக்க வரும் பையர் ஆடிட் என்றால் முதலுதவிப் பெட்டியை நிரப்பி, தொழிலாளிகளுக்குப் பதிலும் சொல்லிக்கொடுத்துப் பழகியவர். “அரபுப் புஸ்தகத்துல ஒரு பக்கத்தைப் பழக்கி வெச்சு, நல்லாப் படிக்கிற புள்ளைகளை முன்னாடி உட்கார வெச்சிருங்க” என்றார். மேடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். திருப்பூர்க்காரர்களான எங்கள் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை.

குழுத் தலைவர் வகுப்புக்கு வந்தார். முன்வரிசை ஃபாத்திமா அரபு மூலத்தை மடமடவென்று வாசித்துப் பொருளும் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. அப்போது மேடம் எழுந்தார்.

“ஐயா, இது நாங்க பழக்கி வெச்ச பக்கமுங்க. புஸ்தகத்தை நீங்களே வேற எங்காச்சும் திறந்து குடுங்க.”

தாளாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. போகப்போவது அவரே பாடுபட்டு உண்டாக்கிய துறை. ஃபாத்திமா புதிய பக்கத்தைத் தடுமாறித் தடுமாறி வாசித்தாள். நடுவில் நின்று, “இதுக்கு மேல புரியலீங்க” என்றாள். “உள்ளதைச் சொன்னே. உட்காரு கண்ணு” என்றார் மேடம். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. இப்படியும் ஒரு மனுஷி இருக்க முடியுமா என்று அன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வியப்பு இன்றுவரை தீரவில்லை.

நாங்கள் எதிர்பார்த்த தரம் கிடைக்கவில்லை. வாசிப்புப் பயிற்சி போதாது என்று குழு எழுதியிருந்தது. துறை தொடரலாம் என்றும் எழுதியிருந்தது. தாளாளர் பல நாள் மேடத்தோடு பேசவில்லை. அவரோ, தினமும் முதல் வகுப்பில் பழகாத பக்கத்தைத் திறந்து வாசிக்க வைக்கத் தொடங்கினார். இன்று எங்கள் பெண்கள் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் வாசிக்கிறார்கள். பார்த்தது நான்.

இரங்கல் கூட்டத்தில் வாசிப்பதற்காக இதை எழுதிக்கொண்டிருந்தபோது தாளாளர் போன் செய்தார். “மேடம் சொர்க்கத்துல இருக்காங்கன்னு முடிச்சிருங்க.”

அழுகையோடு சிரிப்பும் வந்தது. “பார்த்தது யாருங்க?” என்றேன். மேடம் எனக்கு விட்டுப்போன சொத்து அந்தக் கேள்விதான்.

“சரிங்க. பார்த்ததையே எழுதுங்க” என்றார் தாளாளர். குரல் உடைந்திருந்தது.

எழுதியிருக்கிறேன், மேடம்.