கடல் சாமந்தியின் நிறமும் மாமியாரின் சால்வையும்

என் மனைவிக்கு அலுவலகத்தில் ஜாடியம்மா என்று பெயர். கடல் ஆராய்ச்சிக் கூடத்தின் பின்பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஸ்பிரிட் ஜாடிகளுக்கு நடுவே அவள் ஆயுசு கழிந்தது. கடல் சாமந்திகளின் கைகளை எண்ணுவது அவள் வேலை. சாமந்தி என்றதும் பூ என்று நினைத்துவிடாதீர்கள். பூ மாதிரி விரிந்து, கிட்டே வருவதைப் பிடித்துத் தின்னும் பிராணி. இவள் எண்ணுவாள், மெழுகில் பதித்துச் சீவுவாள், சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். பேரை வேறொருவர் தட்டிக்கொண்டு போவார். ஒரு பிராணியின் பெயருக்குப் பக்கத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. அதற்கும் சேர்த்து எனக்கே வரும். நான் வீட்டிலிருந்து கடிகாரம் பழுது பார்ப்பவன். அதனால் சமையலும் என் தலையில்தான்.

ஓய்வு பெறப்போகிற வருஷத்தில், ஆராய்ச்சிக் கப்பலில் அவளையும் அனுப்பியபோது, அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஆழ்கடல் சேற்றை அள்ளி வந்த பெட்டிக்குள், குழி பறித்துக் கழுத்து வரை புதைந்து வாழும் சாமந்தி ஒன்று. உலகத்தில் யாரும் எழுதாத இனம். முதலில் இவள் எழுதினால் அதன் பெயருக்குப் பக்கத்தில் இவள் பெயர். ஆனால் வேறொரு நாட்டுக்காரர்களிடமும் அதே பிராணி சிக்கியிருப்பதாகச் செய்தி வந்தது. யார் முதலில் அச்சேற்றுகிறார்களோ அவர்களுக்குத்தான் உரிமை.

விழுந்தடித்து எழுதி அனுப்பினாள். பத்திரிகைக்காரர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். உயிரோடு இருந்தபோது என்ன நிறம்?

ஸ்பிரிட்டில் போட்டால் எந்தச் சாமந்தியும் வெளுத்துவிடும். அதனால் போடுவதற்கு முன்பே நிறத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் இது மேலே வந்த அன்று கடல் கொந்தளிப்பு. விஞ்ஞானிகள் மொத்தப் பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டுதான் அதை ஜாடிக்குள் விட்டிருக்கிறாள். போட்டோகூட இல்லை. வயிறு கலங்காத ஒரே ஆள் கப்பல் சமையல்காரர். டீ கொண்டு வந்தவர், நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறார்.

அவர் வீட்டுக்கு ஓடினோம். மனைவி நிற அட்டையை விரித்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல எதுவும் இல்ல மேடம். அது எங்க மாமியார் சால்வை கலர். எங்க கல்யாணத்துக்குப் போத்தியிருந்தாங்க. பெட்டியில பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு."

"அந்தச் சால்வை இப்ப எங்க?"

"அவங்ககிட்டதான் இருக்கும். நான் போய்க் கேக்க முடியாது. கல்யாணத்துலேர்ந்து பேச்சுவார்த்தை இல்ல."

கல்யாண விருந்தை மாமியாரே சமைத்தாராம். மாப்பிள்ளை முதல் வாய் வைத்ததும், எல்லார் காதிலும் விழும்படி, "உப்பே இல்ல" என்றிருக்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் மனைவியின் ஆயுசு உழைப்பு கடைசியில் உப்பில் வந்து நிற்கிறது!

மாமியார் அடுத்த தெருவில்தான், ஒரு தையல் கடையின் மாடியில் இருந்தார். சமையல்காரரைப் படிக்கட்டில் நிறுத்திவிட்டு நாங்கள் மட்டும் ஏறிப்போய் விஷயத்தைச் சொன்னோம். மனைவி கையோடு கொண்டு வந்திருந்த சாமந்தி ஜாடியை மேஜையில் வைத்தாள். மாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இந்தக் கருமத்தைப் பார்த்தா அவனுக்கு என் நெனப்பு வந்துச்சு?"

"உயிரோட இருந்தப்போ ரொம்ப அழகும்மா," என்றேன், நேரில் பார்த்தவன் மாதிரி. மனைவி என் காலை மிதித்தாள்.

"சால்வையைக் காட்டுறேன். அவன் வந்து, அன்னைக்கு உப்பு சரியாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

படியிறங்கி அந்த மனுஷனை இழுத்து வந்தேன். "சொல்லித் தொலைங்களேன், வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?"

"நான் சமையல்காரன் சார். உப்பு விஷயத்துல பொய் சொல்ல மாட்டேன்."

கத்துவதற்கு வாயெடுத்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"சொல்லாதீங்க. உப்புல பொய் சொன்னா, நிறத்துல நீங்க சொன்னதை நான் எப்படி நம்புறது? எனக்கு இருக்கிறது நீங்க ஒரு சாட்சிதான்."

ஜாடியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பைத்தியக்காரி, பைத்தியக்காரி என்று மனசுக்குள் திட்டினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. வாசல் வரை போய்விட்டோம். செருப்புகூட மாட்டியாயிற்று.

"நில்லும்மா," என்றார் மாமியார். மருமகனைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்துத்தான் பேசினார். "உப்பு இல்லதான். எனக்கு இருந்தது ஒரே பொண்ணு. அன்னைக்குக் காலையிலேர்ந்து அழுதுக்கிட்டேதான் சமைச்சேன். போட்டேனா இல்லையான்னு எனக்கே தெரியல. இவன் சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. அதான் கோவம்."

சமையல்காரர் தரையைப் பார்த்தார். "நீங்க அழுதீங்கன்னு தெரியாது அத்தை. தெரிஞ்சிருந்தா வாயத் திறந்திருக்க மாட்டேன்."

"திறந்திருப்ப," என்றார் மாமியார், பீரோவைத் திறந்தபடி.

சால்வை வந்தது. மேலெல்லாம் வெளுத்திருந்தது, மடிப்புக்குள் மட்டும் நிறம் அப்படியே இருந்தது. நடுப்பகுதி உடம்பு, ஓரம் கைகள் என்று சமையல்காரர் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையை ஒட்டி ஒட்டிப் பார்த்து எழுதிக்கொண்டாள். மாமியார் டீ போட்டார். மருமகன் ஒரு வாய் குடித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கட்டுரை அச்சாகி வந்தது. சாமந்தியின் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர்! அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேற்று நாட்டுக்காரர்கள் வாழ்த்து அனுப்பியிருந்தார்கள். நிறம் தெரியாமல் அவர்களும் முழித்துக்கொண்டிருந்தார்களாம். கட்டுரையில் நிறத்துக்குக் கீழே, கப்பல் சமையல்காரர் நேரில் கண்டது, அவருடைய மாமியாரின் சால்வையோடு ஒப்பிட்டது என்று போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், இத்தனை ஆண்டுகள் சமைத்துப்போட்ட கணவருக்கு நன்றி.

அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆசை யாரை விட்டது?

"ருசியா சமைச்சுப் போட்டேன்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாமில்ல?"

அவள் தன் பெயரிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"அச்சுல பொய் எழுதக்கூடாதுங்க," என்றாள்.