தண்ணீர் குடிக்காத கெட்டிக்காரிகள்

ஹாம்பர்க்கில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், யார் எத்தனை மில்லி தண்ணீர் குடித்தார்கள் என்று மணிக்கொரு தரம் எழுதிவைப்பது என் பொறுப்பு. எண்பது வயதுக்காரர்களைக் கெஞ்சிக் குடிக்கவைக்கிறேன். என் பாட்டில் மட்டும் ஷிப்ட் முடிகிறவரை திறக்கப்படாமல் கிடக்கும். உடன் வேலை பார்க்கும் உல்ரிக்கா ஒருநாள் அதைத் தூக்கிப் பார்த்து, "ஃபாஸ்டன்?" என்றாள். நோன்பா என்கிறாள். ஆமென்று தலையாட்டிவைத்தேன். அன்றிலிருந்து என் முன்னால் அவள் காப்பிகூடக் குடிப்பதில்லை. இது எந்தச் சாமிக்கான நோன்பு என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

பள்ளிக்கூடம் முடித்த கையோடு தூத்துக்குடி இறால் கம்பெனி ஒன்றில் நானும் என் அக்கா ஜெசிந்தாவும் சேர்ந்தோம். ஐஸில் விறைத்த இறாலை நின்றுகொண்டே உரிக்கும் வேலை. பெண்களுக்கு ஒரு கக்கூஸ். அதன் சாவி சூப்பர்வைசர் இடுப்பில். கேட்டால், அத்தனை பேர் நடுவில், "இப்பந்தான போன?" என்பார். அதனால் காலையில் அரை டம்ளர் காப்பியோடு வாயைக் கட்டிக்கொள்வோம். மாலைவரை தாக்குப்பிடிப்பவள் கெட்டிக்காரி. நானும் கெட்டிக்காரியாக இருந்தேன். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நர்சிங் படித்து, கடல் தாண்டி வந்து, கதவுக்குக் கதவு கழிப்பறை இருக்கும் கட்டடத்தில் இருபது வருடம் ஆயிற்று. உடம்பு இன்னும் அந்தச் சாவிக்குப் பயப்படுகிறது.

அக்கா அங்கேயேதான் இருக்கிறாள். விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, இரண்டு பிள்ளைகளுக்கும் அத்தானுக்கும் டப்பா கட்டி, கம்பெனி வேனைப் பிடிக்கிறாள். போன மாதம் குளிர்காய்ச்சல், விலாவில் குத்து. ஸ்கேனில் ஒரு சிறுநீரகம் வீங்கியிருந்தது. தினமும் மூன்று லிட்டர் குடிக்காவிட்டால் அது போய்விடும் என்றார் டாக்டர். அத்தான் நல்லவர், மருந்துச் சீட்டை மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகிவைத்தார். நான் போனில் பிரசங்கம் செய்தேன். அவள் ஒரே வரியில் முடித்தாள்.

"மூணு லிட்டர் குடிச்சா மூணு வாட்டி சாவி கேக்கணும்லா, ஏளா."

அதே வாரம் இங்கே எங்களை உட்காரவைத்து வகுப்பெடுத்தார்கள். வேலை, குடும்பம், உடல்நலம் என்று வண்ண வண்ணமாய் ஒரு வட்டம். மூன்றையும் சமமாக வைத்துக்கொள்ளத் தாய்மார்கள் பழகவேண்டுமாம். ஊர்ப் பத்திரிகைகளும் அதையே எழுதுகின்றன: அதிகாலையில் எழு, நட, மூச்சை இழுத்துவிடு. மூச்சை விடலாம், மூத்திரம் விடத்தான் அனுமதி வேண்டும். சாவியை இடுப்பில் வைத்திருப்பவனுக்கு எந்த ஊரிலும் வகுப்பில்லை. அக்கா உரித்த இறால்தானோ என்னவோ, இங்குள்ள கடைக் கண்ணாடிக்குள் தலையில்லாமல் படுத்திருக்கிறது. எவ்வளவு சுத்தம் என்று புகழ்ந்து வாங்குகிறார்கள்.

நேற்று இங்கே காலை பத்து மணி. அங்கே சாப்பாட்டு நேரம். அக்கா கூப்பிட்டாள். ஒரு பாட்டில் முழுக்கக் குடித்துவிட்டாளாம். "கேக்கப் போறேன். நீ லைன்ல இரு" என்றாள். என் பாட்டிலையும் திறந்து ஒரே மூச்சில் குடித்தேன். செருப்புச் சத்தம். பிறகு சூப்பர்வைசரின் குரல். ஆள் மாறியிருக்கிறார், கேள்வி மாறவில்லை.

"இப்பந்தான போன?"

"அது நேத்து, அண்ணாச்சி."

பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி இல்லை, பலபேர். காதைப் போனோடு அழுத்தினேன். எனக்கு எதிரே கழிப்பறைக் கதவு, பாதி திறந்தபடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடந்துபோன உல்ரிக்கா, உள்ளே யாருமில்லை, போ என்று கையசைத்தாள்.

நான் அசையவில்லை. அங்கே பூட்டு திறக்கும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.