இடது கைக்குத் தெரிந்த எழுத்துகள்

அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கீபோர்டைப் பார்க்கமாட்டாள். இரண்டு கைகளையும் அதன்மேல் பரப்பி வைத்துவிட்டு, கண்களைப் பக்கத்தில் விரித்திருக்கும் நோட்டில் வைப்பாள். விரல்கள் தம்பாட்டுக்கு வேலை செய்யும். தங்கச் சுரங்கத்தில் வருகை குறிக்கும் டைம் ஆபீசில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்த நாளிலிருந்து வந்த பழக்கம் அது. சுரங்கம் மூடிய பிறகு, மாரிகுப்பத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டு முன்னறையிலேயே மனுக்களும் விண்ணப்பங்களும் அடித்துக் கொடுத்தாள். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, கைகள் மாறவில்லை. ஒருநாள் தூசி துடைக்கும்போது, கீபோர்டில் ஏ, இ, எஸ் மூன்றும் தேய்ந்து வெறும் கறுப்புக் கட்டைகளாகியிருப்பதைப் பார்த்துச் சொன்னேன். "அப்டியா பாப்பா? நா எங்க அத்தப் பார்த்தேன்" என்றாள். எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. என்னைப் பாப்பா என்று கூப்பிட அவள் ஒருத்திதான் மிச்சமிருந்தாள்.

தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. எங்கள் ஆட்களுக்கென்று ஒரு இடுகாடு உண்டு. கல் வைக்க முடியாத காலத்தில் பலகையில் பெயர் எழுதி நட்டார்கள். பலகைகளைக் கறையான் தின்றுவிட்டது. பாதிக்கு மேல் இப்போது வெறும் தரை. அப்பாவும் அங்கேதான் இருக்கிறார். அக்காவுக்குப் பதினாறு, எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது வேலைக்குப் போனவர், கீழே ஏர்பிளாஸ்ட்டில், அதாவது பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சரிந்ததில், இறந்துபோனார். அவர் பலகையும் போய்விட்டது. ஏழு வருடம், ஞாயிறு தவறாமல், அக்கா அங்கே நோட்டோடு போனாள். எந்த வரிசை, எத்தனையாவது குழி, யார், யாருடைய மகன் அல்லது மனைவி என்று வீடு வீடாகக் கேட்டுச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அப்பா பதினோராம் வரிசையில் நான்காவது. நான் தேதிக்காரி, பழைய பஞ்சாங்கங்களை வைத்துக்கொண்டு எந்தச் சாவு எந்தக் கிழமை என்று சொல்லிவிடுவேன். எங்கே என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

பட்டியலுக்கு அவள் பூட்டுப் போட்டதற்கும் காரணம் இருந்தது. எங்கள் பௌத்த சங்கத்திலிருந்து உதவிக்கு வந்த ஒருவர், பெயர்ப் பத்தியை மட்டும் அகரவரிசையில் அடுக்கிவிட்டுப் போனார். வரிசை எண்கள் அப்படியே நிற்க, பெயர்கள் இடம் மாறி, ஒருவர் குழியில் இன்னொருவர் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அதைச் சரிசெய்ய அக்காவுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த மழைக்காலத்தில் கூரை ஒழுகி நோட்டுகளும் ஊறி எழுத்து அழிந்துபோக, பட்டியல் கம்ப்யூட்டரில் மட்டும்தான் மிஞ்சியது. எதிர் வீட்டு அம்மாளின் மருமகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவர். அவரைக் கூப்பிட்டு முழு மெஷினுக்கும் பூட்டுப் போடச் சொன்னாள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை மட்டும், அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே அடித்தாள். எனக்கும் சொல்லவில்லை. "உனக்கு வாய் ஓட்டை. நீ சொன்னா பங்காருபேட்டை வரைக்கும் தெரியும்." மறந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "எனக்கு எங்க மறக்கப்போவுது" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவள் குழாயடியில் சரிந்தாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அனுப்பும்போது டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: நாம் பேசுவது அவர்களுக்குப் புரியும், அவர்களுக்குப் பதில்தான் வராது, எழுத்துகளும் குழம்பும். நான் தலையாட்டினேன். ஆனால் நம்பவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். வாய் கோணி, கண் எங்கோ நிலைத்திருந்த அந்த முகத்துக்குப் பின்னால் அக்கா முழுசாக உட்கார்ந்திருப்பாள் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை சங்கத்துச் செயலாளர் வந்தார். இடுகாட்டை அளக்கச் சர்வேயர்கள் வரப்போகிறார்கள், இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது, அடையாளமோ பட்டியலோ இல்லாத இடத்தைக் காலியிடம் என்று வரைந்துவிடுவார்கள் என்றார். "அக்கா பட்டியல் ரெடிதானே?" என்று என்னைக் கேட்டுவிட்டு, கட்டிலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு மருமகன் வந்து மெஷினைத் திறந்து பார்த்தார். "பாஸ்வேர்டு மட்டும் போட்டிருந்தா நானே மாத்திக் குடுத்திருப்பேன் ஆன்ட்டி. உங்கக்கா சொன்னாங்கன்னு டிஸ்க்கையே பூட்டி வெச்சிருக்கேன். இப்ப பூட்டை உடைச்சா மெஷின் வரும், உள்ள கீறது எல்லாம் போயிடும்." அந்தப் பூட்டுக்கு ஒரு மீட்புச் சாவி எண் உண்டாம், அதை அக்காவிடம்தான் எழுதிக் கொடுத்தாராம். பீரோ, டிரங்குப் பெட்டி, புத்தர் படத்தின் பின்பக்கம் எல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. தாளில் எழுத்துகளை எழுதி அக்காவிடம் நீட்டினேன். அவள் இடது விரல் தாளின்மேல் ஊர்ந்து, எதையும் தொடாமல் நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. போதும் என்று தாளை எடுத்துவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை அக்காவுக்கு ஒரு சொல் வந்தது. "ஷிப்ட்."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். சுரங்கம் மூடி இத்தனை வருடமாகியும் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று நேரத்தைச் சொல்கிற கிழவர்கள் இருக்கிறார்கள். அக்கா பழைய காலத்துக்குப் போய்விட்டாள், சின்னப் பெண்ணாகி அப்பாவைக் கேட்கிறாள் என்று முடிவு கட்டினேன். "அப்பா ஷிப்ட்டுக்குப் போயிருக்காருக்கா. வந்துடுவாரு" என்றேன். அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "ஷிப்ட். ஷிப்ட்." "ஆமாக்கா, வந்துடுவாரு. நீ கஞ்சி குடி." எதிர் வீட்டு அம்மாள் கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம், நல்ல மனசோடுதான், வாசலிலிருந்தே கேலி செய்வார். "இன்னாக்கா, ஷிப்ட்டுக்கு நேரமாச்சா? டிபன் கட்டட்டுமா? சுரங்கத்துக்குள்ள எறங்கற கேஜ் போயிடப் போவுது, சீக்கிரம் கெளம்பு." நானும் சிரிப்பேன். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என் நாட்குறிப்பில் அந்தப் பதின்மூன்று நாளும் ஒரே வரி இருக்கிறது: அக்கா இன்றும் பிதற்றினாள்.

சர்வேயர்கள் வருவதற்கு முந்தின ஞாயிறு. மருமகன் கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன் என்று வந்திருந்தார். கட்டிலில் விரிப்பு மாற்றுவதற்காக அக்காவை நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தோம். நாற்காலி மேஜையருகே இருந்தது, அவ்வளவுதான். நாங்கள் எதையும் யோசித்துச் செய்யவில்லை. அக்காவின் இடது கை எழுந்து, கீபோர்டின் இடது பாதிமேல் போய்ப் படிந்தது. ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறும் கூட்டத்தில் கால் தானாகப் படியைத் தேடுமே, அப்படி. கண்கள் மேஜையைப் பார்க்கவில்லை. விரல்கள் நகர்ந்தன. பி, இ, டி. பிறகு நின்றன. விரல்களை லேசாகத் தூக்கிக் காத்திருந்துவிட்டு ஏ. மறுபடி காத்திருப்பு. ஏ. காத்திருப்பு. ஜி, ஏ. காத்திருப்பு. ஏ.

"சும்மா தட்றாங்க ஆன்ட்டி" என்றார் மருமகன். இல்லை. அந்த இடைவெளிகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்தன. மூன்று முறை அடித்தாள், மூன்று முறையும் ஒன்றே. நான் எழுதிக்கொண்டேன், இடைவெளிக்குக் கோடு போட்டு. அவள் கை காத்திருந்தது மடியில் கிடந்த வலது கைக்காக. வலது கை அடிக்க வேண்டிய எழுத்துகளுக்கு இடம் விட்டுவிட்டு, தன் பங்கை மட்டும் அது செய்துகொண்டிருந்தது. தாளில் குழம்பிய எழுத்துகள் விரலில் குழம்பவில்லை. கோடுகளை நிரப்ப எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. எச், எம், என், எல்: பேத்தமங்களா.

எங்கள் ஊர்க் குழாய்களுக்குத் தண்ணீர் வந்த ஏரி அது. அப்பா ஒரு லீவு நாளில் எங்கள் இருவரையும் அங்கே கூட்டிப்போயிருக்கிறார். இருட்டில் போய் இறங்குவார், அல்லது பகலெல்லாம் தூங்குவார். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் அவரைப் பார்த்தது அந்த ஒரு நாள்தான். நான் கரையில் செருப்பைத் தொலைத்ததைத் தவிர வேறொன்றும் எனக்கு நினைவில்லை. அக்கா அந்த நாளை இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறாள்.

மருமகன் அதை அடித்தார். திறக்கவில்லை. இன்னொரு முறை அடித்தார். "வேற ஸ்பெல்லிங்கா இருக்குமோ? இனிமே தப்பானா ரொம்ப நேரம் காத்திருக்கணும் ஆன்ட்டி" என்றார். "ஷிப்ட்" என்றாள் அக்கா. "வந்துடுவாருக்கா, சும்மா இரு" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல். அப்போது அக்கா இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து, மடியில் கிடந்த வலது கையைப் பிடித்தாள். அதன் சுண்டுவிரலை மட்டும் பிரித்தெடுத்து, என் முகத்துக்கு நேராகத் தூக்கி ஆட்டினாள். "ஷிப்ட்! ஷிப்ட்!"

முன்னறையில் டைப்பிங் பழக வந்தவர்களிடம் அவள் சொன்னதைச் சமையலறையிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன். பெரிய எழுத்துக்கு ஷிப்ட் அழுத்த வேண்டும். எழுத்து இடது கையுடையது என்றால் ஷிப்ட் வலது சுண்டுவிரலுடையது. இடப்பக்கமும் ஒரு ஷிப்ட் உண்டுதான். ஆனால் அவள் கைக்கு அது தெரியாது. முதல் எழுத்து பெரிய பி. மருமகன் ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு அடித்தார். திறந்தது.

வாசலில் நின்றிருந்த எதிர் வீட்டு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, நா டிபன் கட்டவான்னு கேட்டனே" என்றார். பதின்மூன்று நாள், ஒரு சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, சரியான பதிலை அவள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நாங்கள் அவளுக்குச் செத்துப்போன அப்பாவைக் காட்டித் தாலாட்டிக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை பட்டியலோடு போனோம். சர்வேயர்கள் வரிசை வரிசையாக அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். பதினோராம் வரிசையில் நான்காவது இடத்தில் நான் ஒரு கல்லை வைத்தேன். இன்று அந்த இடுகாட்டின் வரைபடத்தில் காலியிடம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன், இப்போது புரியும் என்று தெரிந்து. நாட்குறிப்பில் அந்தப் பதின்மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, தேதி வாரியாகத் திருத்தி எழுதினேன்: அக்கா பாஸ்வேர்டு சொன்னாள். இனி அவள் வாயிலிருந்து என்ன வந்தாலும் அதன் பொருளைத் தேடுவேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை விடியற்காலை அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள். ஆனால் என்னால் தாண்ட முடியாமல் இருப்பது அதற்கு இரண்டு நாள் முந்தின செவ்வாய்க்கிழமை மதியம். சாய்வு நாற்காலியில் அவளை வாசலுக்கு நேராக உட்காரவைத்திருந்தேன். "ஷிப்ட்" என்றாள். ஓடிப்போய்க் கீபோர்டை எடுத்துவந்து மடியில் வைத்தேன். இடது கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள், கீபோர்டைத் தள்ளிவிட்டாள். வலது சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டினேன். அதற்கும் இல்லை என்று தலையாட்டினாள். அவள் பார்வை என்மேல் இல்லை. லைனின் கோடியில், பாதை திரும்பும் இடத்தில் இருந்தது. மணியைப் பார்த்தேன். மூன்று ஐந்து. சுரங்கம் ஓடிய காலத்தில், காலை ஷிப்ட் விட்டு ஆட்கள் அந்தத் திருப்பத்தில் ஒவ்வொருவராகத் தெரியும் நேரம்.

"ஷிப்ட்?" என்றாள் மறுபடி. இந்த முறை அது கேள்வி. பதின்மூன்று நாள் அவள் கேட்காமலே நான் சொன்ன 'வந்துடுவாரு' என் வாயில் இருந்தது. இப்போது அவள் அதைத்தான் கேட்டாள். எல்லாம் புரிகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? கீபோர்டைத் தரையில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் அந்தத் திருப்பத்தைப் பார்த்தேன். நாலு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.